முயற்சி போதாது

பிள்ளைகளை ஊத வைப்பதுதான் என் தொழில். கண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், நெஞ்சு கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், இழுப்பு உள்ள பிள்ளைகளின் மூச்சை அளந்து டொக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு ஜன்னல், மூன்று கதிரை, உயரம் அளக்கும் பலகை, மேசையில் இரண்டு மெஷின். இவ்வளவுதான் அந்த அறை.

முதல் மெஷின் சின்னது, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. மூச்சுக்குழாய் உள்ளுக்குள் எவ்வளவு வீங்கிப் புண்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். வீக்கம் கூடினால் வெளியே வரும் மூச்சில் ஒரு வாயு கூடும். மெஷின் அதை எண்ணாகக் காட்டும். அதற்கு மெதுவாக, ஒரே சீராக ஊத வேண்டும். திரையில் ஒரு மேகம் வரும். ஊதும் வரைக்கும் அது இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். இரண்டாவது மெஷின் நுரையீரலின் பலத்தை அளப்பது. அதற்கு நேர்மாறாக ஊத வேண்டும். மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, வெடிப்பது மாதிரி விட்டு, உள்ளே இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரத்தம் எடுக்கப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே எடுக்கவும் அப்படித்தான். மூச்சை அளக்க மட்டும் பிள்ளைக்கு நாம் சொல்வது விளங்கியாக வேண்டும். அதனால்தான் இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அடம் பிடிக்கிற பிள்ளைகள், மூக்குக் கிளிப்பைக் கண்டு அழுகிற பிள்ளைகள், எல்லாரையும் ஊத வைத்திருக்கிறேன். சிங்களத்தில்.

நான் பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கே வேலை செய்தவர்கள். படித்து, டெக்னீஷியன் கோர்ஸ் முடித்து, வேலைக்கு வந்த இடத்தில் ஒரு சிங்கள ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டேன். பிலிமத்தலாவையில் வீடு. மூன்று வருடத்துக்கு முன் இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபோது என் பெயருக்குப் பின்னால் கணவரின் குடும்பப் பெயர் இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. சிங்களம் சரளமாக வரும். இங்கே இருந்தவர்கள் என்னைச் சிங்களப் பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

கணவர் ஒருநாளும் மறைக்கச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நான் இப்படி இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. அம்மா வேலை நேரத்தில் ஃபோன் எடுத்தால், நடைபாதையின் கடைசிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று தாழ்ந்த குரலில் பேசுவேன். "ஏம்மா தொண்ட கட்டியிருக்கா?" என்று அம்மா கேட்பார். "ஆமாம்மா, தடிமல்" என்பேன். மூன்று வருடமாக எனக்குத் தடிமல்.

அந்த அறையில் என்னோடு வேலை செய்யும் மூத்த டெக்னீஷியன் நல்ல மனுஷி. சோற்றுப் பொதியில் பாதியை எனக்கு எடுத்து வைப்பார். ஆனால் சில நேரம், வேலை இழுத்துக்கொண்டு போகும்போது, "தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது" என்பார். அவர் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

தமிழ் நோயாளிகள் வந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. கண்டி டவுன் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியும். கம்பளையிலிருந்து வரும் முஸ்லிம் வாப்பாமார் பிள்ளையின் காதுக்குள் தாங்களே மொழிபெயர்த்துவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வந்தால் தமிழ் தெரிந்த ஓர் அட்டெண்டனைக் கூப்பிடுவோம். அவர் நின்று சொல்லிக் கொடுப்பார். நான் விளங்காதவள் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் லீவில் இருந்த ஒரு நாளில்தான் அந்தப் பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பார்த்த உடனே அவளை அடையாளம் கண்டேன். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்துக்குக் கீழ் லயம் அவளுடையது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வகுப்பு மேலே படித்தாள். எட்டோடு நிறுத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். என் அப்பாவுக்கும் இழுப்பு இருந்தது. அவர் மூச்சு முட்டிக் கிடந்த நாட்களில், மழையோ பனியோ, டிஸ்பென்சரிக்கு ஓடி ஆள் கூட்டி வந்தவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது நாற்பது கூட இருக்காது. முகம் அதைவிட வயது காட்டியது.

மகளுக்குப் பத்து வயது. வெள்ளை ஸ்கூல் யூனிஃபோம் போட்டிருந்தாள். அன்று பள்ளிக்கூடம் இல்லை. வெளியூர் போக அதைவிட நல்ல உடுப்பு அந்த வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி யூனிஃபோமில் ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான்.

தாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கார்டைப் பார்த்தேன். உயரப் பலகையைக் காட்டினேன். பிள்ளை ஏறி நின்றது. நூற்று இருபத்தாறு செண்டிமீற்றர். எழுதினேன்.

"மிஸ், புள்ளைக்கு சிங்களம் வெளங்காது" என்றாள் தாய். "தமிழ்ல சொல்ல யாராச்சும் இருக்காங்களா?"

அறைக்குப் பொதுவாகத்தான் கேட்டாள். கண் மட்டும் என்மேல் இருந்தது.

மூத்தவர் நிமிர்ந்து என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

"எனக்கு விளங்கவில்லை" என்றேன், சிங்களத்தில்.

இவ்வளவு காலம் நான் எதையும் பொய்யாகச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். மிகவும் சுலபமாக வந்தது.

முதல் மெஷினின் குழாயைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வாயைக் குவித்துக் காட்டினேன். பிள்ளை முழுப் பலத்தோடு ஊதியது. திரையில் மேகம் மேல் கோட்டைத் தாண்டிப் பறந்தது. மெஷின் கீச்சிட்டு நின்றுவிட்டது. கையை ஆட்டி, அப்படி இல்லை என்று காட்டினேன். மறுபடியும் அதே. அந்த மெஷினில் இத்தனை தரம்தான் அளக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. தீர்ந்தால் அதன் உள்பாகம் புதிதாக வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாம் தரத்தோடு அதை எடுத்து வைத்துவிட்டு, மூக்குக் கிளிப்பை மாட்டி, பெரிய மெஷினின் குழாயைக் கொடுத்தேன்.

இப்போது பிள்ளை மெதுவாக ஊதியது. பலமாக ஊதினதுக்குத்தானே சற்று முன்னால் கையை ஆட்டினேன்? அது சரியாகத்தான் கற்றுக்கொண்டிருந்தது. நான் குரலை உயர்த்தினேன். "ஹய்யென்! ஹய்யென் பிம்பின்ன! தவ, தவ, தவ!" பலமாக ஊது, இன்னும், இன்னும் என்று அதற்கு அர்த்தம். நாளெல்லாம் நான் கத்துகிற சொற்கள் அவை. சிங்களப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஊதுவார்கள். இந்தப் பிள்ளை நான் ஏசுகிறேன் என்று நினைத்தது. குழாயை வாயில் வைத்தபடியே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

தாய் எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். "ஊது கண்ணு, அழாத, ஊது." பிறகு என்னைப் பார்த்து, தமிழில், "மெதுவா ஊதணுமா, வேகமா ஊதணுமா மிஸ்?" என்று கேட்டாள்.

ஒரு சொல் போதும். 'வேகமா' என்று ஒரு சொல். மூத்தவர் பக்கத்து மேசையில் இருந்தார். நான் திரையை விரலால் தட்டிக் காட்டினேன். அவளுக்கு அதில் என்ன தெரியும்?

அழுதால் மூச்சுக்குழாய் இன்னும் இறுகும். பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய விசில் வந்தது, கெட்டில் கொதிக்கத் தொடங்கும்போது வருமே அது மாதிரி. அந்தச் சத்தம் எந்த மெஷினும் இல்லாமல் எனக்குத் தெரியும். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு வருடக் கணக்காக அப்பாவிடமிருந்து கேட்ட சத்தம்.

கிளிப்பைக் கழற்றினேன். தாளில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதினேன். சரியான அளவு எடுக்க முடியாமல் போனால் நாங்கள் வழக்கமாக எழுதுவது: முயற்சி போதாது.

டொக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், மூச்சு முட்டும்போது அடிக்கும் நீல நிற இன்ஹேலரை மட்டும் தொடரச் சொன்னார், மறுபடி ஊதிப் பார்க்க மூன்று மாதத்தில் திகதி போட்டார். அன்று கிளினிக்கில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தாய் திரும்பிப் போகும்போது எங்கள் அறை வாசலில் நின்று, "வாறோம் மிஸ்" என்றாள். நான் தலையசைத்தேன்.

பின்னேரம் மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததில் சந்தோஷப்பட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து டொக்டர் என்னை அழைத்தார். ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "நாவலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. நாலு நாளுக்கு முன்னால் மிக மோசமாக வந்தது. இப்போது பரவாயில்லை. முன்பு ஊத முடியாமல் போனதாக எழுதியிருக்கிறது. வார்டுக்குப் போய்ப் பாருங்கள், நடக்க முடிந்தால் அறைக்குக் கூட்டிவந்து எடுங்கள்" என்றார்.

வார்டில் கடைசிக்கு முந்திய கட்டில். பிள்ளை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர். தாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நின்று, எனக்காகச் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். உடைந்த சிங்களம். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "நோனா, அன்றைக்கு பிள்ளை சரியாக ஊதவில்லை. எங்கள் பிழை. இன்றைக்கு ஊதும்."

மன்னிப்புக் கேட்டாள், என்னிடம்.

அதற்குள் பிள்ளை பேசினாள். தமிழில், தாயிடம் சொல்வது மாதிரி, ஆனால் எனக்குக் கேட்க: "எனக்கு இப்ப தெரியும்மா. லொக்கு ஹுஸ்மக் கன்ன, பெரிய மூச்சு எடுக்கணும். ஹய்யென் பிம்பின்ன, வேகமா ஊதணும். நவத்தன்ன எப்பா, நிப்பாட்டக் கூடாது."

தாய் எனக்கு விளக்கம் சொல்ல முயன்றாள். தோட்டத்துக் கடைக்கு ரொட்டி கொண்டுவரும் சிங்களப் பாண் வண்டிக்காரரிடம் கேட்டுப் பிள்ளை பாடமாக்கியதாம். மூன்று மாதத்தில் மறுபடி வரும்போது பிழை விடக் கூடாது என்று, வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதாம். பழகப் பழக மூச்சு வாங்கியதாம்.

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்து வந்தது தமிழ்தான். "அக்கா, என்னய தெரியுதா?"

அவள் ஆச்சரியப்படவில்லை. சுற்றிவரப் பார்த்தாள், பக்கத்தில் தாதிமார் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். அப்புறம்தான் தமிழுக்கு வந்தாள்.

"தெரியும் மிஸ். அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்லிக்கல்லயே. பக்கத்துல அந்த நோனா இருந்தாங்க. நான் வாயத் தொறந்து, உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? எங்க தோட்டத்துலருந்து இவ்வளவு தூரம் வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருக்கிறதா என்று நான் தேடினேன், இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, தன் பிள்ளையின் அளவை விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னாள். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், ஏற்றத்தில், பிள்ளை உட்கார்ந்துவிட்டதாம். நீல இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. உதடு கறுத்துப்போனது. கொழுந்து லொறியில் போட்டு நாவலப்பிட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கே. "வழியில ஒரு தடவ மூச்சே கேக்கல்ல மிஸ். நான் உலுக்கிப் பாத்தேன்" என்றாள். "உங்கப்பாவுக்குக்கூட இப்பிடி ஒருக்கா ஆச்சில்ல?"

"என்னய மிஸ்னு கூப்பிடாதீங்கக்கா" என்றேன்.

"சரி மிஸ்" என்றாள்.

பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூத்தவர் உள்ளே இருந்தார். நான் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் கேட்கும்படி, தமிழில் பேசினேன். "இந்தச் சின்ன மெஷினுக்கு மெதுவா ஊதணும். சூடான தேத்தண்ணிய ஆத்துவமே, அப்பிடி. அந்த மேகம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கிற மாதிரி. பெரிய மெஷினுக்குத்தான் வேகமா. வெளங்குதா?"

பின்னால் பேனா நிற்பது கேட்டது. நான் திரும்பவில்லை.

பிள்ளை தலையாட்டியது. குழாயை வாயில் வைத்து ஊதியது. மேகம் ஒரு தரம் ஆடி, நடுவில் நின்றது. முதல் முயற்சியிலேயே. நான் அதுவரை பார்த்ததில் மிக நன்றாக ஊதிய பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

எண் ஐம்பத்தொன்று. அவள் வயதுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் நல்லது, முப்பத்தைந்தைத் தாண்டினால் உள்ளே வீக்கம் அதிகம் என்று அர்த்தம். பெரிய மெஷினில் அவள் ஊதிய கோடு மேலே ஏறி, பிறகு நேராக இறங்காமல் குழிந்து, தொய்ந்து இறங்கியது. மூச்சுக்குழாய் சுருங்கினவர்களின் கோடு அது. மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணித்தியாலம் இருத்தி, மறுபடி ஊதச் சொன்னபோது குழி குறைந்தது. புத்தகத்தில் இருப்பது மாதிரியான இழுப்பு. எந்த மாணவருக்கும் காட்டிப் படிப்பிக்கலாம்.

டொக்டர் அறைக்கே வந்து தாளைப் பார்த்தார். "நாலு நாளாக ஸ்டீரோயிட் கொடுத்த பிறகும் ஐம்பத்தொன்றா?" என்றார். "அப்படியென்றால் அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"

அன்றைய எண் எங்கேயும் இல்லை. இனி யாராலும் அதை எடுக்க முடியாது. இருந்திருந்தால், வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை அன்றே தொடங்கியிருப்பார். ஆறு வாரம் வீணாகப் போனது.

"அன்றைக்கு ஏன் முடியாமல் போனது?" டொக்டர் கேட்டார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கேள்வி எப்படியோ தாய்க்கு விளங்கிவிட்டது. எனக்கு முந்தி, தன் உடைந்த சிங்களத்தில், "பிள்ளைக்குப் பயம், டொக்டர்" என்றாள். டொக்டர் தலையசைத்தார். மூத்தவர் என்னைப் பார்த்தார். தமிழில் பேசத் துணிந்த அதே காலைப்பொழுதில், உண்மைக் காரணத்தைச் சொல்லத் துணியவில்லை.

அதற்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் வார்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேஸர் குழாயில் மருந்து எடுக்கப் பழக்கினேன். தாய்க்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிச் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள். அதனால் எதுவும் குறையவில்லை. பிள்ளையை வீட்டுக்கு விட்ட நாளில், கிளினிக் முடிந்து டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே போனேன்.

"அந்தப் பிள்ளைக்குப் பயமில்லை, மேடம். நான் சொன்னது விளங்கவில்லை. சிங்களத்தில் சொன்னேன்."

"அட்டெண்டன் லீவுதானே அன்றைக்கு?"

"எனக்குத் தமிழ் தெரியும்."

"எவ்வளவு தெரியும்?"

"தாய்மொழி."

அவர் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதில் தயாராக்கி வைத்திருந்தேன். கேட்கவில்லை. ஃபைலை எடுக்கச் சொன்னார். ஆறு வாரத்துக்கு முந்திய தாளை விரித்தார். "அடித்து அழிக்க வேண்டாம். வாசிக்கக் கூடியதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். கையெழுத்தும் திகதியும் வையுங்கள்."

எழுதினேன். பிள்ளைக்கு விளங்கும் மொழியில் அறிவுறுத்தல் வழங்கப்படவில்லை என்று.

அவர் வாசித்தார். "வழங்கப்படவில்லை என்றால், யார் வழங்கவில்லை?"

மறுபடி எழுதினேன். நான் வழங்கவில்லை. எனக்கு அந்த மொழி தெரிந்திருந்தும்.

"மூன்று மாதம் என்று திகதி போட்டது நான்" என்றார் டொக்டர். "இந்த இரண்டு சொல்லை நம்பி, தாயிடம் இன்னும் நாலு கேள்வி கேட்காமல் விட்டேன். அதற்கு நான் பொறுப்பு." அந்தத் தாளின் அடியில் தானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். மேலே அறிவிப்பேன் என்றும் சொன்னார். அறிவித்தார். என்னை அழைத்து விசாரித்தார்கள், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

மூத்தவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை, அவர் காதால் கேட்டவர். ஒரு வாரம் அவர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு ஒரு மத்தியானம், சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது, "நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் ஒன்றும் செய்திருக்கமாட்டார். தோட்டத்து ஆட்கள் என்று அவர் சிரித்ததைச் சொல்லிப் பழியைப் பங்கு போடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. கூடச் சிரித்தது நான்தானே என்று விழுங்கிவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர், "என்னைக் கல்யாணம் செய்ததால்தானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அவர் நம்பினாரா என்று தெரியாது.

பிள்ளை இப்போது ஒழுங்காகக் கிளினிக்குக்கு வருகிறாள். வீக்கத்துக்கான மருந்தைக் காலையும் மாலையும் எடுக்கிறாள். அடுத்த தரம் முப்பத்திரண்டு, அதற்கடுத்துப் பதினெட்டு. கோட்டில் குழி இல்லை. ஏற்றத்தில் நிற்காமல் நடந்து போகிறாளாம். உயரமும் மூன்று செண்டிமீற்றர் கூடியிருக்கிறது. தாய் என்னோடு முன்னைவிடக் கதைக்கிறாள், என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறாள், இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். பிள்ளை அப்படியில்லை. சொன்னதைச் செய்வாள், கேட்டதுக்குப் பதில் சொல்வாள், ஊதி முடிந்ததும் குழாயைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். நான் பகிடி விட்டால் சிரிப்பதில்லை. அது அவள் உரிமை.

எனக்குப் பெரிய பயம் வேறு ஒன்றாக இருந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு ஒருநாள், அறையில் உள்ள அலுமாரியைத் திறந்து, மூன்று வருடத்துப் பதிவுக் கொப்பிகளை எடுத்தேன். அந்த இரண்டு சொல்லை நான் எழுதிய இடங்களை விரலால் தேடிக்கொண்டு போனேன். சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்று வயது, நான்கு வயது, உண்மையாகவே ஊத முடியாத பிள்ளைகள். அவர்களோடு, எட்டு வயது, ஒன்பது, பதினொன்று, நன்றாக ஊதக்கூடிய வயதில், தோட்டத்து முகவரியோடு இன்னும் ஏழு பிள்ளைகள். எல்லாம் அட்டெண்டன் இல்லாத நாட்கள். எனக்கு அந்த முகங்கள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஒரு பிள்ளைக்குத்தான் பிழை செய்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

டொக்டரிடம் கொப்பியைக் காட்டினேன். "எல்லாரையும் கூப்பிடுங்கள்" என்றார்.

ஃபோன் நம்பர் இருந்தவர்களுக்கு நானே எடுத்தேன். யார் பேசுவது என்று சொல்லி, எதற்காகப் பிள்ளையை மறுபடி கூட்டிவரச் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். ஒரு தகப்பன், "எங்க புள்ளைக்குத்தான் புத்தி மட்டுன்னு நெனச்சோம்" என்றார். நான் வருகிற திகதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் ஊதினார்கள். இரண்டு பேருக்கு எண் கூடுதலாக இருந்தது, மருந்து தொடங்கினார்கள். ஆறாவது குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கிளினிக்குக்குப் போகிறார்கள் என்று உறவினர் சொன்னார்.

மிச்சம் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று. ஃபோன் நம்பர் இல்லை. தோட்டமும் அதில் எந்த டிவிசன் என்பதும் மட்டும் எழுதியிருக்கிறது. தமிழில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் தமிழ் எழுதியதே இல்லை; எழுத்துகள் கோணலாக விழுந்தன, இரண்டு தாள் கிழித்தேன். பதில் வரவில்லை. போன மாதம் லீவு போட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் வேறு குடும்பம் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் ஹட்டன் பக்கம் என்றார், ஒருவர் தெரியாது என்றார். டிஸ்பென்சரியில் இருந்தவர் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வரும், நல்ல ஞாபகம் இருக்கிறது என்றார்.

என் நம்பரை எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, கீழே ரோட்டுக்கு இறங்கி வந்தேன். விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.